சோக்கைத் தள்ளினால் வண்டி ஆஃப்: பல வருஷம் நின்ற வண்டியும் அதன் கார்பரேட்டரும்

ஜனவரி 6, காலை

ஒரு வாசகர் கேட்டது: “செகண்ட் ஹேண்டில் ஒரு பைக் வாங்கியிருக்கிறேன். சிங்கிள் சிலிண்டர், கார்பரேட்டர் வண்டி. பழைய ஓனர் நாலு வருஷம் தொடவே இல்லையாம். டேங்கில் புதுப் பெட்ரோல், புது ப்ளக். சோக் போட்டு அடித்தால் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கைத் தள்ளினால் உடனே ஆஃப். பாதி சோக்கிலேயே ஓட்டிப் பார்த்தேன், நன்றாக ரேஸ் கொடுத்தால் நன்றாகவே இழுக்கிறது. கிளீனர் ஸ்ப்ரே ஒரு டப்பா முழுக்க அடித்துவிட்டேன். கார்பரேட்டர் போச்சு, புதுசு வாங்கிப் போடு என்கிறார்கள். வாங்கிவிடவா?”

வாங்காதீர்கள். குறைந்தபட்சம் இந்த வாரம் வாங்காதீர்கள்.

பாதி விடை கேள்வியிலேயே இருக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது கார்பரேட்டர். அதற்குள் பெட்ரோலுக்கு ஒரே பாதை கிடையாது. ஐடிலிலும் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது), ஆக்ஸிலேட்டரைத் துளி திருகும்போதும் ஸ்லோ ஜெட் என்கிற, நுண்துளை போட்ட பித்தளைத் துண்டு கொடுக்கிறது. நடுவில் ஊசி வேலை செய்கிறது. முக்கால்வாசிக்கு மேல் திருகினால் மெயின் ஜெட். சோக் என்று நாம் இழுப்பது பெரும்பாலான பைக்குகளில் தனியாக ஒரு பாதையைத் திறந்து கூடுதல் பெட்ரோல் விடுகிறது. உங்கள் வண்டி மேலே நன்றாக இழுக்கிறது என்றால் டேங்க், அதன் அடியில் இருக்கும் பெட்ரோல் டேப், மெயின் ஜெட் எல்லாம் ஏறக்குறைய சரி. சோக் இல்லாமல் ஐடில் நிற்கவில்லை என்றால் ஸ்லோ ஜெட் பாதையில் வர வேண்டிய பெட்ரோல் வரவில்லை, சோக் அந்தக் குறையை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, சந்தேகம் விழ வேண்டியது ஒரு சின்னப் பித்தளைத் துண்டின் மேல்.


ஜனவரி 6, இரவு

ஒன்று சொல்ல விட்டுப்போனது. இனி அந்த வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கை வெளியே எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, ஃப்ளோட் வால்வு (கார்பரேட்டருக்குள் போதிய பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மூடும் வால்வு) ஒழுகி, பெட்ரோல் சிலிண்டர் வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆயில் தண்ணியாகிவிட்டது, பேரிங்கைக் காப்பாற்றாது. மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

கிக்கர் பாதியில் கல் மாதிரி நின்றால் ஏறி மிதிக்கவே கூடாது, செல்ஃபையும் அழுத்தக் கூடாது. சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கியிருக்கலாம். திரவம் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். ப்ளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் மெதுவாகச் சுற்றி வெளியேற்றுங்கள். ப்ளக் துளைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள்.


ஜனவரி 7

“ஒரு டப்பா ஸ்ப்ரே அடித்தும் அடைப்பு போகாதா?” என்று கேட்டிருக்கிறார்.

எங்கே அடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏர் ஃபில்டர் பக்கம் வாயைத் திறந்து உள்ளே அடித்தால் நடுக்குழாய் பளபளக்கும். ஸ்லோ ஜெட் இருப்பது அதற்குக் கீழே, பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலுக்குள், பெரும்பாலும் ஒரு குழிக்குள் ஆழமாக. நீங்கள் அடித்த மருந்து அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது.

அடைப்பு எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் ஸ்ப்ரே மேல் இருக்கும் நம்பிக்கை குறையும். பவுலில் நிற்பது கொஞ்சம் பெட்ரோல்தான். காற்றோட்டத்துக்குத் துளை இருப்பதால் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். லேசான பகுதி முதலில் பறந்துவிடும், கனமான பகுதி பிசினாக மாறி அடியில் தங்கும். டேப்பை மூடாமல் வண்டியை நிறுத்தியிருந்தால் இன்னும் மோசம். ஆவியான அளவுக்கு டேங்கிலிருந்து புதிதாக இறங்கும், அதுவும் ஆவியாகும், அதன் பிசினும் மேலே படியும். ஒரு பவுல் பெட்ரோலின் கசடு அல்ல, பல பவுல்களின் கசடு அங்கே இருக்கும். பழைய ஓனர் டேப்பை மூடியிருந்தாரா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை, உள்ளே எவ்வளவு இருக்கும் என்று ஒரு மதிப்பு கிடைக்கும், அவ்வளவுதான்.


ஜனவரி 7, கொஞ்சம் கழித்து

மூடவில்லையாம். சரி.


ஜனவரி 9

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது: ஒரு கண்ணாடிப் பாட்டிலைப் பவுலுக்குக் கீழே பிடித்து, பவுலின் அடியில் இருக்கும் ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். வெளியே, திறந்த இடத்தில், பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல். வந்த பெட்ரோலைப் பத்து நிமிஷம் ஆடாமல் வைத்துவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். அடியில் தெளிவாகத் தனித்து உருளும் குமிழ் இருந்தால் அது தண்ணீர். செம்மண் நிறத்தில் தூள் இருந்தால் டேங்க் துரு. இரண்டில் எது இருந்தாலும் கார்பரேட்டரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் அடுத்த வாரமே திரும்ப வரும், டேங்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் இது இன்னும் சிக்கல். 10 சதவீதம் எத்தனால் இருந்தால் சுமார் அரை சதவீதம் வரை தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். டேப்பும் கீழேதான் இருக்கிறது. மேலே நல்ல பெட்ரோல் இருக்க, கார்பரேட்டருக்குப் போவது அடிச்சரக்கு.

அடுத்து, கார்பரேட்டரில் சொருகியிருக்கும் பெட்ரோல் குழாயை உருவி அதே பாட்டிலுக்குள் விட்டு டேப்பைத் திறங்கள். தடையில்லாமல் ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேங்குக்குள் இருக்கும் டேப்பின் வலை அடைத்திருக்கிறது. இன்ஜின் இழுத்தால் மட்டும் திறக்கும் வேக்குவம் டேப்பாக இருந்தால் லீவரை பிரைம் என்ற நிலைக்குத் திருப்பிப் பாருங்கள்.


ஜனவரி 10

ஸ்க்ரூ பற்றி. கேட்டவர் பவுல் ஸ்க்ரூ ஒன்றின் தலையை மழுக்கிவிட்டார்.

ஜப்பானிய வடிவமைப்பு கார்பரேட்டர்களில் இருப்பது பார்க்கச் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ மாதிரிதான் இருக்கும். ஆனால் அது ஜப்பானியத் தர வெட்டு. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை வைத்து முறுக்கினால் அடிவரை உட்காராமல் மேலே ஏறி வழுக்கும். நாலு தடவை வழுக்கினால் தலை வட்டக் குழியாகிவிடும். பல ஸ்க்ரூக்களின் தலையில் ஓரமாக ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். அதற்கென்று டிரைவர் இருக்கிறது, வாங்கி வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் உதவும். மழுங்கிப்போனதற்கு: டிரைவரை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு, அப்புறம் அழுத்திக்கொண்டே திருப்பு. அதற்கும் வராவிட்டால் லாக்கிங் பிளையரால் தலையைச் சுற்றிப் பிடித்துத் திருப்புங்கள். திரும்பப் போடும்போது உள்ளறுகோணத் தலை (ஆலன்) ஸ்க்ரூவாக மாற்றிவிடுங்கள், நீளம் மட்டும் அதே அளவு இருக்கட்டும்.


ஜனவரி 12

பவுலைத் திறந்துவிட்டாராம். “உள்ளே ஒன்றும் பெரிதாக இல்லை, லேசாக மஞ்சள் கறைதான். ஸ்லோ ஜெட்டை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தேன், வெளிச்சம் தெரிகிறது. அப்படியென்றால் அடைப்பு இல்லையே?”

இந்தக் கேள்வி-பதில் இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான். பல பேர் இங்கேதான் ஏமாந்து ஜெட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, கார்பரேட்டரையே குறை சொல்வார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கெய்ஹின் கம்பெனி கார்பரேட்டரின் ஸ்லோ ஜெட்டில் 35 என்று பொறித்திருந்தால் துளை 0.35 மி.மீ. அந்தத் துளையின் சுவரில் சுற்றிலும் 0.05 மி.மீ. பிசின் படிந்தால் விட்டம் 0.25 ஆகிவிடும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் வழி ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிட்டது. வெளிச்சம் தாராளமாகத் தெரியும், பெட்ரோல் பாதிதான் வரும். அதே படலம் 1 மி.மீ. மெயின் ஜெட்டில் படிந்தால் விட்டம் 0.9, வழியில் ஐந்தில் நாலு பங்கு அப்படியே இருக்கும். ரேஸ் கொடுத்தால் இழுக்கிறது, ஐடிலில் சாகிறது என்று நீங்கள் முதல் நாள் எழுதியதற்கு விளக்கமும் இதுவே.

ஆகவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காதீர்கள். துளையின் விளிம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பூதக்கண்ணாடியோ போன் கேமராவின் பெரிதாக்கலோ போதும். சுத்தமான ஜெட்டில் விளிம்பு கம்பாஸில் போட்ட வட்டமாக, பித்தளை மின்ன, கூர்மையாக இருக்கும். படிந்திருப்பதில் வட்டம் கொஞ்சம் கோணலாக, உள்விளிம்பு தேன் நிறத்தில் மங்கலாகத் தெரியும். ஜெட்டின் பக்கவாட்டிலும் சின்னத் துளைகள் இருந்தால் அதையும் எண்ணிப் பாருங்கள். நான் ஒரு பழைய வண்டியின் ஜெட்டைப் பக்கவாட்டில் துளையே இல்லாத வகை என்று நினைத்துக் கழுவிக்கொண்டிருந்தேன். ஊறவைத்துத் துடைத்த பிறகு ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. அந்த வண்டியின் பவுலில் அடியில் கருப்பும் பழுப்புமாக ஒரு ஏடு, நகத்தால் நெம்பினால் தோல் மாதிரி உரிந்து வந்தது. ஃப்ளோட் பின் அருகில் வெள்ளைத் தூள், பித்தளை மேல் பச்சைக் களிம்பு. பிசினைக் கிளீனர் கரைத்துவிடும். வெள்ளையும் பச்சையும் தண்ணீர் அரித்ததன் அடையாளம், அதைக் கிளீனர் கரைக்காது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.


ஜனவரி 12, பின்குறிப்பு

மேலே சொன்ன 35 கணக்கு கெய்ஹினுக்கு. இன்னொரு கம்பெனியான மிக்குனியின் அறுகோணத் தலை மெயின் ஜெட்டில் இருக்கும் எண் துளையின் விட்டம் அல்ல, எவ்வளவு பெட்ரோல் ஓடும் என்கிற அளவு. ஒன்றின் எண்ணை வைத்து மற்றொன்றை வாங்காதீர்கள்.


ஜனவரி 13

ஜெட் துளையில் கம்பி விட்டுக் குத்தலாமா என்று சண்டையே நடக்கிறது.

ஒரு வாசகர்: “நான் எப்போதும் ஊக்கு முனையால்தான் குத்துவேன், ஒன்றும் ஆகவில்லை.” ஆகியிருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. எஃகு பித்தளையைவிடக் கடினம். 0.35 துளையை 0.38 ஆக்கினால் வழி பதினெட்டு சதவீதம் கூடிவிடும். அதற்குப் பிறகு ப்ளக் கருப்பாகிறது, மைலேஜ் குறைகிறது என்று வேறொரு இழை திறப்பீர்கள்.

இன்னொருவர்: “கம்பியே கூடாது, கிளீனரில் ஊறவைத்தால் போதும்.” முழுசாக அடைத்துக் கெட்டியானதற்கு ஊறல் மட்டும் போதாது என்பது என் அனுபவம். துளை துளிகூடத் திறக்காவிட்டால் மருந்து எப்படி உள்ளே போகும்? நான் செய்வது இது: ராத்திரி முழுக்க ஊறல், காலையில் பல இழை மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை. செம்பு பித்தளையைவிட மென்மை, கீறாது. குத்துவதில்லை, உள்ளே விட்டு வெளியே இழுப்பது மட்டும். வளைந்துகொண்டால் புது இழை. அது முதலில் நுழையவே நுழையாது, எரிச்சல் வரும். அப்புறம் திடீரென்று வழுக்கிக்கொண்டு போகும். கடைசியில் காற்றடித்து முடிக்க வேண்டும்.

எலுமிச்சைச் சாற்றில் கொதிக்க வைப்பது பற்றியும் கேட்டிருந்தார்கள். அமிலம் ஆக்சைடு கறையை எடுக்கும், பிசினைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதிக நேரம் விட்டால் கார்பரேட்டரின் உடலே கருத்துப்போகும். அல்ட்ராசோனிக் தொட்டி கிடைத்தால் நல்லது, ஆனால் அதற்கும் எல்லா ரப்பரையும் ஜெட்டையும் தனித்தனியாகக் கழற்றித்தான் போட வேண்டும். முழுசாகத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்பவர்களும் இருக்கிறார்கள். வெளிப்பக்கம் சுத்தமாகியிருக்கும்.


ஜனவரி 14

ஜெட்டைக் கழுவினால் பாதி வேலைதான். ஜெட்டுக்கு அப்பால் உலோகத்துக்குள் குடைந்த பாதை இருக்கிறது. அது கலவை ஸ்க்ரூவுக்கும் (ஐடிலில் பெட்ரோல்-காற்று விகிதத்தைத் திருத்தும் ஸ்க்ரூ), த்ராட்டில் தகடு (ஆக்ஸிலேட்டரைத் திருகினால் திறக்கும் தகடு) மூடும் இடத்துக்கு அருகில் இருக்கும் சின்னச்சின்னத் துளைகளுக்கும் போகிறது. ஜெட்டை எடுத்த குழியில் ஸ்ப்ரே குழலை அழுத்தி வைத்து அடியுங்கள். இன்ஜின் பக்க வாயில் அந்தத் துளைகள் எல்லாவற்றிலும் மெல்லிய கீற்றாகப் பீய்ச்ச வேண்டும். ஒன்றில் வராவிட்டால், வருகிற மற்றவற்றை விரலால் அடைத்துவிட்டு மறுபடி. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எந்தத் துளை வழியாகத் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது, கண்ணில் பட்டால் அன்றைய வேலை அத்தோடு சரி.

கலவை ஸ்க்ரூவை எடுப்பதற்கு முன் அதை உள்பக்கமாக மென்மையாக முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முட்டிய பிறகு இறுக்கினால் கூர்முனை உடைந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெளியே எடுக்கும்போது ஸ்ப்ரிங், ஒரு பொடி வாஷர், அதைவிடப் பொடி ஓ-ரிங், இந்த வரிசையில் வரும். வரவில்லை என்றால் குழிக்குள்ளேயே ஒட்டியிருக்கிறது, அதன் மேல் காற்றடித்தால் பறந்து போய்விடும். வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். தரையில் விழுந்த ஓ-ரிங்கைத் தேடுவது தனிக் கலை.


ஜனவரி 15

அவருடையது டயாஃப்ரம் உள்ள வகை என்று இன்றைக்குத்தான் எழுதுகிறார். அதாவது உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடை ஒரு மெல்லிய ரப்பர்ச் சவ்வு தூக்கும் வகை. மேல் மூடியைத் திறந்தால் ரப்பர் ஊதிப்போய்ப் பள்ளத்தில் உட்கார மறுக்கிறதாம்.

அந்த ஒரு டப்பா ஸ்ப்ரே! கார்பரேட்டர் கிளீனருக்கும் ரப்பருக்கும் ஆகாது. பதற வேண்டாம், காற்றாட ஒரு நாள் வையுங்கள், பெரும்பாலும் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்துவிடும். வந்ததும் வெளிச்சத்தில் மெதுவாக விரித்து ஊசித் துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை விழுந்த டயாஃப்ரம் ஸ்லைடைத் தூக்காது. ஐடில் நன்றாக இருக்கும், ஒரு வேகத்துக்கு மேல் எவ்வளவு திருகினாலும் போகாது. எல்லாம் மாட்டிய பிறகு ஸ்லைடை விரலால் மேலே தூக்கி விட்டுப் பாருங்கள், மெதுவாக, சீராக இறங்கினால் நல்லது. பொத்தென்று விழுந்தால் எங்கோ காற்றுப் போகிறது.


ஜனவரி 17

சிரிக்க ஒரு செய்தி. ஏர் பாக்ஸைத் திறந்தவர் படம் போட்டிருக்கிறார். ஃபோம் ஃபில்டர் பொடிப்பொடியாக உதிர்ந்து, அதை வைத்து எலி கூடு கட்டியிருக்கிறது. நன்றாகவே கட்டியிருக்கிறது, சீட் பஞ்சும் சேர்த்து.

பழைய வண்டி வாங்கினால் முதலில் இதைத் திறக்க வேண்டும் என்று ஜனவரி 6-லேயே எழுதியிருக்கலாம், யாரும் கேட்கவில்லை. உதிர்ந்த ஃபோம் கார்பரேட்டரின் காற்று ஜெட்டுகளுக்குள் போகும். வாயின் ஃபில்டர் பக்க விளிம்பில் தெரியும் அந்தத் துளைகளிலும் காற்றடியுங்கள். சைலன்சர் முனையையும் டார்ச் அடித்துப் பாருங்கள், வேறு யாராவது குடியிருக்கலாம்.


ஜனவரி 19

மாட்டியாச்சு. ஸ்டார்ட் ஆகும் முன்னாலேயே ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் கொட்டுகிறதாம். டேப்பை மூடுங்கள், நான் முதல் நாள் இரவு எழுதியதை மறுபடி படியுங்கள்.

நாலு வருஷம் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்த ஃப்ளோட் ஊசியின் (ஃப்ளோட் வால்வை அடைக்கும் ஊசி) ரப்பர் முனையில் சுற்றுக்கோடு விழுந்திருக்கும். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கோடு இருந்தால் ஊசியை மாற்றியே ஆக வேண்டும். கோடு இல்லாவிட்டால் அது உட்காரும் இருக்கையில் பிசின் இருக்கும், பஞ்சு சுற்றிய குச்சியில் துளி மெட்டல் பாலிஷ் தொட்டுச் சுழற்றி எடுங்கள், பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள். அடுத்து ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே களகளவென்றால் அதில் பெட்ரோல் புகுந்துவிட்டது, மிதக்காது.

வண்டியில் மாட்டாமலே சோதிக்கலாம். கார்பரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் நுழையும் மூக்கில் சுத்தமான குழாய் சொருகி வாயால் ஊதுங்கள். ஃப்ளோட்டின் கனமே ஊசியை மூடியிருக்கும், காற்றுப் போகக் கூடாது. நேராகத் திருப்பினால் போக வேண்டும்.

ஃப்ளோட் உயரம் சரியா என்பதற்கு: ட்ரெயின் மூக்கில் கண்ணாடிக் குழாய் மாட்டி, அதை மேல்நோக்கிப் பவுலின் பக்கத்தில் பிடித்து, டேப்பையும் ட்ரெயின் ஸ்க்ரூவையும் திறந்தால் உள்ளே மட்டம் எங்கே நிற்கிறது என்று வெளியே தெரியும். எங்கே நிற்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.


ஜனவரி 20

ஊசியில் கோடுதான். புது ஊசி போட்டதும் ஒழுகல் நின்றது. சோக் இல்லாமல் ஐடில் நிற்கிறது!

கொண்டாட்டத்தைக் கொஞ்சம் ஒத்திவைக்கிறேன். “ரேஸ் கொடுத்து விட்டால் உடனே இறங்காமல் மேலேயே நின்று, பிறகு மெதுவாக இறங்குகிறது” என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.


ஜனவரி 21

அது கலவை இன்னும் வறட்சியாக இருப்பதன் அறிகுறி. ஸ்லோ ஜெட் அடைப்பும், கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வெடிப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். முன்னதில் பெட்ரோல் குறைகிறது, பின்னதில் திருட்டுக் காற்று கூடுகிறது. இரண்டும் சேர்ந்தே இருந்தால் முதலாவதைச் சரிசெய்த பிறகுதான் இரண்டாவது வெளியே வரும்.

ஆக்ஸிலேட்டர் கேபிளில் ஆட்டம் இருக்கிறதா, கேபிள் தடையில்லாமல் திரும்புகிறதா என்று முதலில் பாருங்கள், செலவில்லாத சோதனை. அப்புறம் இன்ஜினை ஐடிலில் விட்டு, அந்த ரப்பரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளியுங்கள். ஓரிடத்தில் பட்டதும் இன்ஜினின் சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. எரியும் ஸ்ப்ரே அடித்துச் சோதிப்பவர்கள் உண்டு, சூடான சைலன்சருக்கு இத்தனை பக்கத்தில் அதை நான் சொல்ல மாட்டேன். ரப்பரைக் கழற்றிக் கையில் வளைத்துப் பார்ப்பது இன்னும் நிச்சயம். நேராக இருக்கும்போது தெரியாத கீறல் வளைத்தால் வாயைத் திறக்கும்.


ஜனவரி 23

ரப்பர் மாற்றிவிட்டார். இப்போது கலவை ஸ்க்ரூ.

எந்தப் பக்கம் திருகினால் என்ன என்பதில் எல்லோரும் குழம்புவார்கள். ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது: உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துகிறது: உள்ளே திருகினால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். முதலில் எழுதி வைத்த சுற்றுக்குக் கொண்டுவாருங்கள். எழுதவில்லை என்றால் இரண்டு சுற்று வெளியே வைத்து ஆரம்பிக்கலாம். வண்டியை நன்றாகச் சூடாக்கிய பிறகு கால் சுற்றாகத் திருகி, ஐடில் எங்கே அதிகமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்தி, ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருக்கும் வகையில், மூன்று சுற்றைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால் ஸ்லோ ஜெட் இன்னும் முழுசாகச் சுத்தமாகவில்லை. அதே வகையில் உள்ளே முழுக்கத் திருகியும் இன்ஜின் சாகவில்லை என்றால் வேறெங்கோ இருந்து பெட்ரோல் வருகிறது. சோக் பாதையை மூடித் திறக்கும் பிளஞ்சரின் அடி ரப்பர் காய்ந்துபோய் மூடாமல் இருப்பதுண்டு, அதைப் பாருங்கள்.


ஜனவரி 28

“பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடுகிறது, பிறகு அடைத்து அடைத்து ஆஃப் ஆகிறது. ஓரமாக நிறுத்திக் கொஞ்சம் காத்திருந்தால் மறுபடி ஸ்டார்ட்.”

கார்பரேட்டரைத் தொடாதீர்கள்! அடுத்த முறை ஆஃப் ஆகும்போது உடனே டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. உறிஞ்சு குழாயின் மேல்நுனியை விரலால் அடைத்தால் தண்ணீர் கீழே இறங்காதே, அதேதான். காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் வெளியே வராது.

மூடி சரியாக இருந்தால் இடையில் மாட்டிய ஃபில்டரைப் பாருங்கள். துருவுக்குப் பயந்து காருக்கான காகித ஃபில்டரை மாட்டுகிறார்கள். அது பம்ப் தள்ளும் வண்டிக்கானது. டேங்கிலிருந்து தானாக இறங்கும் பெட்ரோலுக்கு அந்தக் காகிதமே ஒரு தடை.


ஜனவரி 28, இரவு

மூடிதான். உஸ் சத்தம் கேட்டதாம்.


பிப்ரவரி 2

புதுக் கார்பரேட்டர் வாங்காதீர்கள் என்று முதல் வரியில் எழுதியதை வைத்துக்கொண்டு இன்னொருவர் வாதாடுகிறார்: “அப்படியானால் எப்போதுமே வாங்கக் கூடாதா?”

வாங்க வேண்டிய நேரம் உண்டு. த்ராட்டில் தண்டு துளையில் ஆடினால், அதன் வழியே காற்றுப் போகும், எந்த ட்யூனிங்கும் நிற்காது. தண்ணீர் அரித்து ஃப்ளோட் ஊசியின் இருக்கையில் குழி விழுந்து, அந்த இருக்கை தனியாகக் கழலாத வகையாக இருந்தால் அதுவும் முடிந்த கதை. ஸ்லைடு தேய்ந்து உள்ளே தடதடத்தாலும் அப்படியே. இவை கண்ணால் பார்த்து, கையால் ஆட்டித் தெரிந்துகொள்ளும் பழுதுகள். “பழசு, போயிருக்கும்” என்பது பழுதின் பெயர் அல்ல. ஒரிஜினல் உடல் நன்றாக இருந்தால் அதைச் சுத்தம் செய்து வைத்துக்கொள்வதே மேல். பெயர் தெரியாத நகல் கார்பரேட்டரில் என்ன ஜெட், என்ன ஊசி இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் இந்த வேலையை இரண்டு முறை செய்துவிடலாம்.


பிப்ரவரி 9

கேட்டவர் இப்போது தினமும் ஓட்டுகிறார். மறுபடி நிறுத்தி வைக்க நேர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டார். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டேப்பை மூடி, பவுலை ட்ரெயின் செய்துவிடுங்கள். ஸ்டெபிலைசர் (பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் இருக்கக் கலக்கும் மருந்து) போடுவதாக இருந்தால் புதுப் பெட்ரோலில் போட்டு, அது கார்பரேட்டர்வரை போய்ச் சேர சற்று நேரம் ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். பழைய பெட்ரோலில் ஊற்றிப் பயனில்லை.

தூர ஓட்டப் போகிறேன் என்கிறார். இத்தனை நாள் எல்லோரும் இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தோம், டயரை யாரும் பார்க்கவில்லை. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்க எண் இருக்கும். டயர் தயாரான தேதி அது: முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருஷத்தையும் சொல்லும். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். எண்ணைப் பார்த்து எழுதுங்கள், பிரேக் ஆயிலின் நிறத்தையும்.